கைபேசியை அணைத்து வைத்துக் கற்ற வன்முறைத் தடுப்பு

அவைக்கு அணிசெய்யும் தலைவர் தில்லைநாதன் ஐயா அவர்களே, நிதி தந்து எம்மை நிமிரவைத்த திணைக்களத்துத் திருவாளர்களே, ஊரின் மூத்தோரே, வெயிலில் வந்து வியர்வையோடு வீற்றிருக்கும் தாய்மாரே, இளைஞரே! கமலாசனியின் கனிந்த வணக்கம்.

வன்முறைக் குறைப்புச் சமூகப் பங்காண்மைக் குழுவின் செயலாளர் நான். ஆண்டு விழாவில் சாதனைகளைச் சொல்லச் சொன்னார்கள். சொல்கிறேன்.

வாளேந்தும் இளைஞர் வழி திரும்ப வேண்டும் என்று அரசு நிதியை வாரி வழங்கியது. நாம் என்ன செய்தோம்? பதாகை கட்டினோம். பட்டறை வைத்தோம். பச்சை நிற ரீசேட் சட்டை அடித்தோம். அதன் முதுகில் ‘வன்முறையா? உடனே அழையுங்கள்’ என்று என் கைபேசி இலக்கத்தையும் பொறித்தோம். வாள் வைத்திருந்தவர்களோடு பேசினோமா? அதற்கு நிகழ்ச்சி நிரலில் நேரம் இருக்கவில்லை!

கை தட்டாதீர்கள், கதை இனித்தான் தொடங்குகிறது.

ஆவணி மாதத்துச் சனிக்கிழமை ஒன்று. கிளிநொச்சி நகரில், குளிரூட்டிய மண்டபத்தில், ‘அவசர அழைப்புக்கு விரைந்து பதிலளிப்பது எப்படி’ என்று குழு முழுவதும் கற்றுக்கொண்டிருந்தது. பயிற்றுநர் போன்களை அணைக்கச் சொன்னார். அணைத்தோம். ஒழுக்கமான குழு அல்லவா?

அன்று பிற்பகல் எங்கள் மைதானத்தில் கரப்பந்துப் போட்டி. பந்து கோட்டுக்கு உள்ளா, வெளியா என்று வாய்த்தர்க்கம். தோற்றுப்போன ரூபன் வீட்டுக்குப் போய் வாளோடு திரும்பினான். எதிரணிப் பிரசாந்தன் ஓடிப்போய், மைதானத்தோரம் இருந்த அழகம்மாவின் தேநீர்க் கடைக்குள் புகுந்தான். அழகம்மா கதவைச் சாத்தி, வாசலில் நின்று, என் இலக்கத்துக்கு அழைத்தார். ஒரு முறையல்ல, மூன்று முறை!

“விலகுங்கோ அம்மா, அவனை விடமாட்டன்!” என்றான் ரூபன்.

“விலகமாட்டன் தம்பி. நேற்றும் என்ரை கடையிலைதானே தேத்தண்ணி குடிச்சனீ? வாளைக் கீழை போடு.”

கதவை நோக்கி ஓங்கிய வாள் அழகம்மாவின் கையில் இறங்கியது. இரத்தத்தைக் கண்டதும் அவன் வாளைக் கீழே போட்டான்.

“ஐயோ, உங்களை வெட்ட வரேல்லை அம்மா!”

“அழுது என்ன செய்ய? மோட்டார் சைக்கிளை எடு. முதல்ல ஆஸ்பத்திரி. பிறகு பொலிஸுக்கு நீயே போகோணும்.”

வெட்ட வந்தவன் ஓட்டினான். வெட்டுப்பட இருந்தவன் கதவைத் திறந்து வந்து, பின்னால் ஏறி, நடுவில் இருந்த அழகம்மாவின் காயத்தைத் துணியால் அழுத்திப் பிடித்தான். ரூபன் பொலிஸுக்குத் தானே போனான், சபையோரே!

பின்வரிசையில் என்ன கேட்கிறீர்கள் அண்ணை? நான் எப்போது அறிந்தேன் என்றா? குழுப்படம் எடுத்து முடித்த பிறகு! ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அழகம்மா என்னைப் பார்த்துச் சொன்னார்: “பிள்ளை, நான் செத்திருந்தா உங்கடை ரீசேட்டைத்தான் எனக்குப் போர்த்தியிருப்பீங்கள்.”

ஆண்டறிக்கையில் அந்த நாள் எப்படி இருக்கிறது தெரியுமா? ‘பயிற்சி வெற்றி. பங்கேற்பு நூறு வீதம்.’ எழுதியவள் நானே! வெட்கத்தோடு சொல்கிறேன், நானே!

திருவாளர்களே, அடுத்த கட்ட நிதியை வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. மண்டபத்துக்கு வேண்டாம், மைதானத்துக்குத் தாருங்கள். தண்டனை முடிந்து வரும் ரூபனின் தொழிலுக்குத் தாருங்கள். இன்னும் விரல் மடக்க முடியாத அழகம்மாவின் வைத்தியத்துக்குத் தாருங்கள்.

அவரைக் குழுவில் சேர்க்க விதி இடம் தராதாம். பயிற்சிச் சான்றிதழ் இல்லையாம்! தலைவரே, இதோ என் சான்றிதழ். இதோ என் பதவி. நான் அமர்ந்திருந்த கதிரை இப்போது வெறுமையாக இருக்கிறது.

அழகம்மா, மேடைக்கு வாங்கோ.

கேட்ட நெஞ்சங்களுக்கு நன்றி. எழும்பி நின்று அவாவுக்கு வழி விடுங்கோ. வணக்கம்!