அக்கா அழுத்திய பொத்தான்

ரீஸ்டோர் பாயின்ட் என்பது பெரிய வித்தையெல்லாம் இல்லை. கம்ப்யூட்டர் நன்றாக ஓடிய ஒரு நாளை அது குறித்து வைத்திருக்கும். புதிதாக ஏற்றிய மென்பொருள் மக்கர் செய்தால், அந்த நாளைய நிலைக்குத் திருப்பிவிடலாம். படம், வீடியோ, கடிதம் எதையும் அது தொடாது. பதினாறு வருடமாக இதே தொழில், எனக்குத் தெரியும். அக்காவுக்குத் தெரியாது.

அவளுடைய ஒரே மகள் ஒன்பது வயதில் கார் விபத்தில் போய்விட்டாள். காரை ஓட்டியது நான். குறுக்கே நாய் வந்தது என்று போலீசிடம் சொன்னேன். யாரும் என்னைக் கடிந்து ஒரு வார்த்தை பேசவில்லை. கைக்கட்டோடு கிடந்த எனக்கு அக்காதான் ஊட்டிவிட்டாள். "நீயாவது பிழைச்சியேடா" என்றாள்.

ஏழு மாதம் கழித்துக் கூப்பிட்டாள். பிள்ளையின் உடைந்த போனிலிருந்த மெமரி கார்டை யாரையோ பிடித்துக் கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தாள். வீடியோ பார்க்க ஏதோ மென்பொருளைப் போட்டதிலிருந்து மெஷின் அசையவில்லை.

"கடைசி நாள் கார்ல எடுத்தது ஒண்ணு இருக்குடா. தனியா பார்க்கத் தைரியம் இல்ல. நீ பக்கத்துல இரு."

அவள் காபி போடப் போனாள். மெஷினை வேறு வழியில் திறந்து, சத்தத்தைக் குறைத்துப் பார்த்தேன். பின் சீட்டிலிருந்து எடுத்தது. நாய் எதுவும் இல்லை. ஒரு கையில் ஸ்டியரிங், மறு கையில் போன். குனிந்து யாருக்கோ டைப் செய்துகொண்டிருக்கிறேன். "மாமா, ரோட்டப் பாருங்க" என்கிறாள். இரண்டு தடவை.

ஒன்று மட்டும் காணாமல் போனால் சந்தேகம் வரும். பிள்ளை பிறந்ததிலிருந்து எடுத்த படங்கள் மொத்தத்தையும் அழித்தேன். மெமரி கார்டு சட்டைப் பைக்குள் போனது; பிறகு கட்டிங் பிளேயரால் நான்காக நறுக்கினேன்.

ரீஸ்டோர் திரையைக் கொண்டுவந்து அக்காவைக் கூப்பிட்டேன்.

"'ஆமாம்'னு அமுக்குக்கா."

"நானா?"

"உன் மெஷின்தானே."

அமுக்கினாள். மெஷின் சுத்தமாக எழுந்து வந்தது. கொஞ்ச நேரம் தேடினாள்.

"பாப்பா படமெல்லாம் எங்கடா?"

"பழைய தேதிக்குப் போயிடுச்சுக்கா. சில நேரம் எல்லாத்தையும் வழிச்சுக்கிட்டுப் போயிடும். கேட்டுச்சே, நீதானே ஆமாம்னு அமுக்கினே."

அவள் அழவில்லை. தன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு வருடமாக யார் வந்தாலும், "மிச்சமிருந்த பிள்ளைய நானே அழிச்சிட்டேன்" என்கிறாள். நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து தேற்றுகிறேன். உண்மை தெரிந்தால் தாங்கமாட்டாள். அதனால்தான் சொல்லாமல் இருக்கிறேன். கூடப் பிறந்தவன் இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி?