நாலு மணிக்குள் நாற்பது மெட்டு

— இன்னும் பன்னெண்டாவது மெட்டுலயேவா நிக்குது?

— நிக்கல அத்தான், நகருது. எறும்பு ஊர்ற மாதிரி.

— எறும்பு இந்நேரம் ஊர் போய்ச் சேர்ந்து பேரன் பேத்தி எடுத்திருக்கும்மா. நாம ஆரம்பிச்சப்ப என் தலையில முடி இருந்துச்சு.

— காலையில ஒன்பது மணிக்கு ஆரம்பிச்சோம். அப்பவும் வழுக்கைதான்.

— ஏண்டி, முடிஞ்சுதா இல்லையா? கீபோர்டு வாங்குறவர் மறுபடியும் போன் பண்ணிட்டார். நாலு மணிக்கு வாசல்ல வந்து நிப்பாராம். தயாரா இல்லேன்னா காத்திருக்க மாட்டாராம், வேற ஒண்ணு பாத்து வெச்சிருக்காராம்.

— அத்தானோட நாப்பது மெட்டும் இந்தக் கீபோர்டுக்குள்ளதான் இருக்கு அக்கா. எல்லாம் லேப்டாப்புக்கு வந்தப்புறம்தான் குடுக்கணும்னு நீதானே சொன்னே.

— சொன்னேன், யாரு இல்லேன்னா. முப்பது வருஷமா அந்த மனுஷன் போட்ட மெட்டு, தூக்கியா போட முடியும்? ஆனா புது வீட்டுல இந்தப் பொட்டியை எங்க வெப்பேன், என் தலையிலயா? ஏங்க, காலாட்டாதீங்க. மேஜையே ஆடுது.

— படபடன்னு வருது, நான் என்ன பண்ண. நம்ம பொண்ணு கல்யாணத்துலகூட இப்படி ஆட்டல.

— அன்னிக்கு மண்டபமே ஆடுச்சு. சட்டுபுட்டுன்னு முடிங்க ரெண்டு பேரும். எனக்குத் துணி மடிக்கிற வேலை கிடக்கு.

— போயிட்டாளா?

— போயிட்டா. அத்தான், கீபோர்டுலேருந்து லேப்டாப்புக்குப் போற மிடி கேபிளை மாத்திப் பாத்தாச்சு. லேப்டாப்புல மத்ததெல்லாம் மூடியாச்சு. மிடிங்கறது பழைய ஒத்தையடிப் பாதை, மெதுவாத்தான் போகும். அதுக்காக இப்படியா? நாப்பதும் நாலு நிமிஷத்துல வந்திருக்கணும்.

— என் மெட்டெல்லாம் கனம் ஜாஸ்தி. ஒவ்வொண்ணும் ஒரு யானை. ஒத்தையடிப் பாதையில நாப்பது யானை போனா நாள் ஆகாதா?

— இதைக் குடுத்துட்டு சாயங்காலம் என்ன பண்ணுவீங்க?

— லேப்டாப்புல போட்டுக் கேப்பேன்.

— கேக்குறதும் வாசிக்கிறதும் ஒண்ணா?

— கை சும்மா கிடக்கும். அவ்வளவுதான். நீ வேலையைப் பாரு.

— பதிமூணு வந்துடுச்சு.

— ஐயையோ.

— ஏன் பதறுறீங்க?

— சந்தோஷத்துல.

— அத்தான், உங்க வலது கால் எங்க இருக்கு?

— இடுப்புக்குக் கீழே.

— அதுக்கும் கீழே?

— பெடல்.

— சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற பெடல். அது அசையுறப்பல்லாம் கூடுது, குறையுதுன்னு அதே கேபிள்லதான் சேதி போகுது. பாவம், மெட்டு ஓரமா ஒதுங்கி வழி விடுது. காலையிலேருந்து ஆட்டிக்கிட்டே இருக்கீங்க.

— தெரியாமப் பண்ணிட்டேன்மா.

— தெரியாமலா? டீ குடிக்கிறப்ப காலை நிறுத்தினீங்க, மூணு மெட்டு மடமடன்னு இறங்குச்சு. ஸ்கிரீனைப் பாத்தீங்க. டம்ளரைக்கூட வெக்கல, மறுபடி ஆரம்பிச்சுட்டீங்க.

— சரி, மாட்டிக்கிட்டேன். உங்க அக்காகிட்ட மட்டும் சொல்லிடாதே. இதோ, காலை எடுத்துடறேன்.

— எடுக்காதீங்க. டீ குடிச்சது பத்து மணிக்கு, எனக்கு அப்பவே தெரியும். இப்ப மூணே முக்கால் ஆச்சு, பதினாலு வரப் பாக்குது, இன்னும் கொஞ்சம் வேகமா ஆட்டுங்க.