சர்டிபிகேட்டுக்கு ஒரு பாம்பு

ஒலக்கூரில் பஸ் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார்கள்.

"என் பொண்ண பாம்பு புடிச்சிக் காட்டச் சொன்னாங்கக்கா," என்றாள் இளையவள்.

"எதுக்குடி?"

"நர்சிங் சேர சாதி சர்டிபிகேட் கேட்டுப் போனோம். இருளர்னா பாம்பு புடிக்கத் தெரியணுமேன்னு ஆபீஸ்ல ஒருத்தர் சொல்றாரு."

"நீ இன்னா சொன்ன?"

"நான் பயந்துக்கினு நின்னேன். அவதான், 'புடிக்கத் தெரியாது சார், பாம்பு கடிச்சவங்களுக்கு ஊசி போடத்தான் படிக்கப் போறேன்'னா."

மூத்தவள் சிரித்த சிரிப்பில் கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

"அப்புறம்?"

"பெரிய ஆபீசர் அதைக் கேட்டுட்டு, உடனே கையெழுத்துப் போட்டுட்டாரு. இப்ப விழுப்புரத்துல காலேஜ் போய்க்கினு இருக்கா."

"நெஜமாவே அவளுக்குப் பாம்பு புடிக்கத் தெரியாதா?"

"பாம்பா? பல்லியப் பார்த்தாலே கட்டில் மேல ஏறி நின்னுக்குவாக்கா."