கீழ்ப்படி என்றொரு சொல்

அவையை அளந்து நடத்தும் தலைவர் அவர்களே, முன்வரிசைக்கு முகப்பொலிவு தந்த முதியோர்களே, வேலைக்கு விடுப்புச் சொல்லி வந்த தாய்மார்களே, தேநீர் வருமா என்று வாசலையே பார்க்கும் ஆசிரியத் தோழர்களே, வணக்கம்.

தொடக்கப் பள்ளிக்குப் புதிய பாடத்திட்டம் வகுத்தவன் என்று என்னைப் பாராட்ட அழைத்திருக்கிறீர்கள். பாராட்டுக்கு முன் ஒரு வாக்குமூலம்.

ஒவ்வொரு குழந்தைக்கும் அதனதன் நிலைக்கேற்ற பாடம் என்பது எங்கள் திட்டம். குழந்தை டேப் என்ற கைக்கணினியைத் தொடும். எத்தனை விரைவில் விடை சொல்கிறது என்று கருவி கவனிக்கும். மூன்று நிலைகளில் ஒன்றில் அமர்த்தும். நிலைகளுக்குப் பெயர் சூட்டும் பொறுப்பு என்னிடம் வந்தது. விடுவேனா? ஓசை நயம் என்றால் உணவை மறப்பவன் நான். மேற்படி, நடுப்படி, கீழ்ப்படி. ஏறுவதற்கும் படி, கற்பதற்கும் படி. குழுவே கைதட்டியது. என் மனைவி மட்டும், "மேற்படின்னா ஆபீஸ் கடுதாசியில வருமே, அதுவா?" என்றாள். நீங்கள் சிரிக்கிறீர்கள். நான் அன்று கோபித்துக்கொண்டேன்.

திட்டத்தைத் தொடங்கிவைக்கப் போன பள்ளியில், மூன்றாம் வகுப்பில் ஒரு சிறுமி. எதற்கெடுத்தாலும் ஏன் என்பாள். வகுப்பே அவளை ஏன்பாப்பா என்றழைத்தது. எட்டுப் பழத்தில் மூன்று போனால் மிச்சம் எத்தனை என்றால், "யாருக்குப் போச்சு, ஏன் போச்சு?" என்பாள். யோசித்தாள், அதனால் தாமதித்தாள். தாமதித்தாள், அதனால் தெரியாது என்றது கருவி. அவள் திரையின் உச்சியில் தினமும் ஒரே சொல், கொட்டை எழுத்தில்: கீழ்ப்படி.

ஓராண்டு கழித்துப் பார்வையிடப் போனேன். கைகட்டி, வாய்பொத்தி உட்கார்ந்திருந்தாள். "இப்பல்லாம் தொந்தரவே இல்ல சார்" என்று ஆசிரியை பூரித்தார். நான் அவளருகே குனிந்தேன்.

"ஏன்பாப்பா, இப்ப ஏன் எதுவுமே கேக்கறதில்ல?"

"கேக்கக் கூடாது சார்."

"யாரு சொன்னா?"

திரையைக் காட்டினாள். "தினமும் கீழ்ப்படின்னு போடுதே. அம்மாகிட்ட காட்டினேன். அப்ப சொன்ன பேச்சக் கேளுடின்னாங்க."

தையல் கடையில் நாளெல்லாம் குனிந்திருந்துவிட்டு வரும் அந்தத் தாயைக் குறை சொல்வேனா? எழுதியவன் நான். சரிபார்த்தது குழு. முந்நூறு பள்ளிக்குப் போனது அந்தச் சொல். எங்களில் யார் அதைப் படித்தோம்? படிக்கத் தெரியாதவள் என்று நாங்கள் ஒதுக்கிய குழந்தைதான் படித்தாள்.

மறுநாளே பெயரை மாற்றினேன். விரைவை அளக்கும் கடிகாரத்தையும் நிறுத்தினோம். இப்போது அவள் ஐந்தாம் வகுப்பு, மதிப்பெண்ணில் குறைவில்லை. போன வாரம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, வேண்டுமென்றே, "ரெண்டும் மூணும் ஆறு" என்றேன். ஏன் என்பாள் என்று காத்திருந்தேன். தலைவர் அவர்களே, காத்திருந்தேன்.

"சரி சார்" என்று எழுதிக்கொண்டாள்.

தோழர்களே, உங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை தாமதித்தால் கருவியிடம் கேட்காதீர்கள்; பிள்ளையிடம் கேளுங்கள். ஏன் என்று கேளுங்கள். அவள் விட்டுவிட்ட கேள்வியை நாமாவது கேட்போம்.

தலைவர் மணியைத் தொடுகிறார். பாராட்டு உங்களிடமே இருக்கட்டும். பொறுத்துக் கேட்டதற்கு நன்றி. கீழ்ப்படிகிறேன். வணக்கம்.