முன்னூற்றுப் பன்னிரண்டு பேருக்குப் போன அழைப்பு

என் பெயரும் முகவரியும் இந்த வாக்குமூலத்தின் முதல் தாளில் உள்ளபடி. வயது முப்பத்து நான்கு. தண்ணீர் சுத்திகரிக்கும் கருவி விற்கும் நிறுவனத்தில் விளம்பரப் பிரிவில் ஏழு ஆண்டுகளாக வேலை பார்த்து வருகிறேன்.

வாடிக்கையாளர் கூட்டங்களுக்கு அழைப்பு அனுப்பவும், வருகிறவர்களை வாசலில் பதிவு செய்யவும் ஒரு மென்பொருள் வாங்குவதென்று முடிவாகி, மூன்றைச் சோதித்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்படி மேலாளர் என்னிடம் சொன்னார். கடந்த வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணியளவில் முதல் மென்பொருளைத் திறந்து, சோதனைக்காக என் சித்தப்பாவுக்குப் பாராட்டு விழா, சனிக்கிழமை மாலை நான்கு மணி, எங்கள் அலுவலகக் கூடம் என்று பதிந்து, அவர் படத்தையும் சேர்த்தேன். அவர் பஸ் கண்டக்டராக இருந்து மூன்று மாதம் முன்பு ஓய்வு பெற்றவர். அன்று பணிமனையில் யாரும் எதுவும் செய்யவில்லை. டிக்கெட் பையை ஒப்படைத்துவிட்டு, பஸ்ஸில் நின்றுகொண்டே வீட்டுக்கு வந்தார்.

அதன் பிறகு எங்கள் பிரிவில் ஐந்து பேருக்கும் சித்தப்பாவுக்கும் மட்டும் போகும் என்று நினைத்து அனுப்பினேன். அந்த மென்பொருள் எத்தனை பேருக்கு என்று ஒரு வார்த்தை கேட்காமல், வாடிக்கையாளர் பட்டியலில் இருந்த முன்னூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் சேர்த்து அனுப்பிவிட்டது. கால் மணி நேரத்தில் நாற்பது பேர் வருவதாகப் பதில் போட்டார்கள். ஒருவர், "இருபது வருஷம் இவர் பஸ்லதான் வேலைக்குப் போனேன்" என்று எழுதியிருந்தார்.

நிகழ்ச்சியை ரத்து செய்யும் பக்கத்தைத் திறந்தேன். அப்போது சித்தப்பா போன் செய்து, "ஏம்மா, நாளைக்கு நீலச் சட்டை போடட்டுமா, வெள்ளையா?" என்று கேட்டார். வெள்ளை என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கத்தை மூடினேன். மேலாளரிடம் சொல்லவில்லை.

மறுநாள் மூன்றரை மணிக்கே வரிசை பக்கத்து மருந்துக்கடை வரை நீண்டு, பிறகு சாலையில் வண்டிகள் நின்றுவிட்டன. மருந்துக்கடைக்காரர் புகார் கொடுத்தது நியாயம்தான். மேலாளர் ஓடிவந்து, "நம்ம கூட்டத்துக்கு முப்பது பேரைச் சேக்கவே நாக்கு தள்ளுது. யாரும்மா இவங்கல்லாம்?" என்றார். நடந்ததைச் சொன்னேன். அதற்குள் காவலர்கள் இருவர் வந்தார்கள். அவர்கள் வண்டியை விட்டு இறங்குவதற்குள் சித்தப்பா சாலைக்குப் போய், "உள்ள தள்ளிப் போங்க, படியில நிக்காதீங்க, இடம் இருக்கு" என்று குரல் கொடுத்தார். ஜனங்கள் சிரித்துக்கொண்டே உள்ளே போனார்கள். பத்து நிமிடத்தில் சாலை காலியானது. அந்தக் காவலர்களில் ஒருவர் சித்தப்பாவின் பஸ்ஸில் பள்ளிக்கூடம் போனவராம். அவரோடு படம் எடுத்துக்கொண்டார். அந்தக் காவலர் யார் என்று சொல்ல எனக்கு விருப்பமில்லை.

திங்கட்கிழமை மேலாளர், கூட்டம் சேர்த்த அந்த முதல் மென்பொருளையே வாங்கச் சொன்னார். அனுப்புவதற்கு முன் எண்ணிக்கையைக் காட்டி, அனுப்பலாமா என்று கேட்கிற இரண்டாவதைத்தான் வாங்கலாம் என்று நான் எழுதிக் கொடுத்தேன். என் வேலை போகவில்லை.

வேண்டுமென்றே கூட்டம் சேர்த்தாயா என்று காவல் ஆய்வாளர் கேட்கிறார். அழைப்பு போனது தவறுதலாக. ரத்து செய்யாமல் விட்டது வேண்டுமென்றே.

விழா முடிந்து போகும் வழியில் சித்தப்பாவிடமும் இதை ஒப்புக்கொண்டேன். "அழைப்புக்கு அடியில சோதனைன்னு போட்டிருந்துச்சே, அது வந்தப்பவே பாத்தேன். நீ கூப்பிட்டியேன்னு வந்தேன்" என்றார்.

நான் சொன்னபடியே எழுதி எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. அனைத்தும் உண்மை. யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)