நாற்பத்து மூன்று குழி

ராத்திரி இரண்டரை மணி. கருங்கல் ஊர் ஏற்றம். ரோட்டில் ஒரே ஒரு மாட்டுவண்டி…

எல்லாரும் கிட்டே வந்து உட்காருங்கள். எனக்குத் தூக்கம் கண்ணைச் சொக்குகிறது, ஒரு தடவைதான் சொல்வேன். நம்பினால் நம்புங்கள். வண்டியை ஓட்டியவர் டைட்டஸ், என் கூட்டுக்காரன் அல்போன்சின் அக்கா மாப்பிள்ளை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்று, புரட்டாசி மாதம்.

அந்த ஆடியில்தான் டைட்டசின் தம்பி ஜெபதாஸ் குளச்சல் கடலில் கட்டுமரத்தோடு போனான். மரம் கரை ஒதுங்கியது, ஆள் ஒதுங்கவில்லை. உடல் இல்லாமல் கல்லறை ஏது? மெழுகுதிரி கொளுத்தி உட்கார்ந்து அழ ஒரு இடம்கூட இல்லையே என்று அம்மா அன்னம்மாள் புலம்பாத நாளில்லை. மீனைத் தொடவே மாட்டாள். டைட்டசும் கடலை வெறுத்து, வாடகைக்கு வண்டி பிடித்தார்.

அந்த வருஷம் சாளை மீன் வந்தது பாருங்கள், அப்படியொரு வரத்து! தின்று மாளாமல் மணலில் கொட்டிக் காயவைத்து, தென்னைக்கு உரமாக விற்றார்கள். டைட்டஸ் ஓட்டியது அந்த லோடுதான். சிதறால் பக்கம் சிவதாணுவின் தோப்புக்கு ஏழு ராத்திரியாக ஓட்டம். மனுஷன் செத்துச் சுண்ணாம்பாகிவிட்டார். எட்டாவது ராத்திரி லோடு ஏற்றும்போது, ஏன் இந்த வருஷம் இவ்வளவு மீன் என்று வியாபாரி கமருதீனிடம் கேட்டார்.

"கடல்ல விழுந்தது எதுவும் இல்லாமப் போறதில்ல மக்கா. செத்தது எல்லாம் அடியில சேறாக் கெடக்கும். ஆடியில கடல் கலங்கும்போ மேல எழும்பி வரும். அதுல பாசி பிடிக்கும். பாசியச் சாளை திங்கும். சாளைய வாரி நாம தென்னைக்குப் போடுறோம்."

சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று கமருதீனுக்கு உறைத்தது. டைட்டஸ் மாடுகளைப் பிடித்துவந்தார். வண்டியைப் பூட்டினார்.

கருங்கல் ஏற்றத்தில் மாடுகள் நின்றன. லோடு திடீரென்று கனத்தது போல நுகம் கிறீச்சிட்டது. பின்னால்… சொட்… சொட்… சொட்.

காய்ந்த கருவாட்டில் ஏது தண்ணீர்?

கருவாட்டு நாற்றம் அவருக்குப் பழகியது. இது வேறு. கடல் கலங்கும்போது வருகிற சேற்று நாற்றம். பிடரிக்குப் பின்னால் ஒரு குரல்… மெதுவாக…

"அண்ணே… வண்டியத் திருப்பு. வீட்டுக்குப் போவோம்."

பயம் வரவேண்டும், இல்லையா? வரவில்லை. எட்டு ராத்திரித் தூக்கம் அவர் கண்ணில் இருந்தது. பாதி மயக்கத்தில், உயிரோடிருக்கும் தம்பிக்குச் சொல்வதுபோலவே சொன்னார்:

"லோட எறக்கிட்டு வாறேன்லே. செத்த நேரம் கெட."

சொட்டுவது நின்றது. மாடுகள் நடந்தன.

விடிகிற நேரத்தில் தோப்பில் ஆட்கள் கூடையில் வாரி, தென்னை மூட்டில், மரத்தடியில் வெட்டிய குழிகளில் கொட்டி மண்ணை மூடினார்கள். டைட்டஸ் வண்டிக்கடியில் படுத்துத் தூங்கிப்போனார். எழுந்தபோது வண்டி காலி. அப்போதுதான் தம்பியின் குரல் ஞாபகம் வந்தது. ஐயோ, என்ன செய்துவிட்டேன் என்று அழுதுகொண்டே ஊர் வந்து சேர்ந்தார்.

வீட்டு வாசலிலிருந்து அடுப்படி வரை ஈரக் காலடிகள். கறுத்த சேறு. அம்மா அதைத் துடைக்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை.

"தம்பி வந்தாம்லே. நீ வண்டியத் திருப்பலியாமே. நாப்பத்தி மூணு குழியில என்னப் போட்டு மூடியாச்சுன்னு சொல்லிட்டுப் போனான்."

லோடு எங்கே போகிறதென்று அவளிடம் யாரும் சொன்னதில்லை. குழிகளை டைட்டசே எண்ணியதில்லை. வந்த காலோடு திரும்பி, சிதறால் வரை போய் அன்று மண் மூடிய ஒவ்வொரு தென்னை மூடாகத் தொட்டு எண்ணினார்.

நாற்பத்து மூன்று.

மறுபடி வீடு வந்தபோது மறுநாளும் இருட்டிவிட்டது. அம்மா அதே இடத்தில் இருந்தாள். மடியில் ஒரே ஒரு மெழுகுதிரி.

"எண்ணினியா மக்களே? இத நான் எந்தக் குழியில கொளுத்த?"