கால் இஞ்சு போல்ட்டு

அந்த ஓட்டைக்குள்ள வெரல வுட்டு நோண்டாதீங்க சார். நானே சொல்றேன். உள்ள திருகு மரை போயிட்ச்சு. எந்த ஸ்டாண்டுலயும் மாட்ட முடியாது, சும்மா சுத்தினே இருக்கும். மத்தபடி கேமரா புதுசு மாரி கீது. லென்ஸ வெளிச்சத்துல காட்டிப் பாருங்க, ஒரு கீறல் கீதா? இத்த ஏன் விளம்பரத்துல போடலன்னா, போட்டிருந்தா நீங்க வந்திருப்பீங்களா? கொட்டிவாக்கத்துலேர்ந்து இந்த வெயில்ல மீர்சாகிப்பேட்டை சந்துக்குள்ள எவன் வருவான்?

கொஞ்சம் மெதுவா பேசுங்க. உள்ள எங்கண்ணன் ஆசிஃப் படுத்துனு கீறான். கேமரா அவனோடது. வாங்கறதும் வாங்காததும் உங்க இஸ்டம், நான் கெஞ்ச மாட்டேன். ஆனா உள்ள போனா இந்த ஓட்டைய பத்தி அவங்கிட்ட வாயத் தொறக்கக் கூடாது. அதுக்குத்தான் உங்கள படிக்கட்டுலயே நிறுத்தி வச்சேன். ஏன்னு சொல்றேன். குந்துங்க. அந்த பைப்ப ஓரம் தள்ளிட்டு குந்துங்க.

இன்னா, இதெல்லாமா? நான் செஞ்சதுதான். பிளம்பருங்க வெட்டிப்போட்ட பைப்பு. மூணு துண்டு, சேக்கறதுக்கு ஒரு டீ ஜாயிண்டு, வளைக்க ரெண்டு எல்போ, ஸ்டாண்டு ரெடி. கடையில விக்கிற ஸ்டாண்டு வெலைய கேட்டா தல சுத்தும், இதுக்கு பசை வாங்குற செலவுதான். தோ, இந்த கயிறு கீது பாருங்க, இதுவும் ஸ்டாண்டுதான். சிரிக்காதீங்க. மேல போல்ட்ட கேமராவுல மாட்டிட்டு, கீழ கயித்த கால்ல மிதிச்சிகினு கேமராவ மேல இழுத்துப் புடிக்கணும். விறைப்பா நிக்கும், கை ஆடாது. கூட்டத்துல மூணு காலு விரிக்க எடமே இருக்காது இல்ல, அதுக்கு.

நீங்க இன்னா புடிப்பீங்க, பறவையா? அடையாறு முகத்துவாரத்துலயா? அப்ப உங்களுக்கு இந்த பைதான். கைப்புடி சுவரு மேல போட்டு அது மேல லென்ஸ வச்சா கொழந்த மாரி படுத்துக்கும். எங்கப்பா அப்துல் கய்யூம் ஆட்டோ சீட்டு தைக்கிறாரு, அவரு வெட்டிப்போட்ட ரெக்ஸின்ல தைச்சது. மொதல்ல உள்ள மொச்சக்கொட்ட போட்டேன். ஒரே மாசம், வண்டு வந்துட்ச்சு. ஒரு கல்யாணத்துல பொண்ணு கழுத்துல மாலை ஏறும்போது லென்ஸு மேல ஒரு வண்டு ஷோக்கா நடந்து போவுது. வீடியோல யானை மாரி தெரியுது! அண்ணன் வுழுந்து வுழுந்து சிரிச்சான். அதுக்கப்பால தெர்மாகோல் மணிதான்.

படிப்பா? பதினொண்ணாவதோட நிறுத்திட்டேன். பெயிலெல்லாம் ஆவல. குந்திகினே இருக்க முடியல, அவ்ளோதான். எனுக்கு பொறுமை கெடையாது சார், ஊருக்கே தெரியும். எங்கம்மி சோறு வைக்கச் சொன்னா கூட நான் விசிலு வர்றதுக்கு முன்னாடி எறக்கிடுவேன்.

விஷயத்துக்கு வர்றேன், இருங்க. இந்த ரெண்டையும் கையில புடிங்க. எது கால் இஞ்சு போல்ட்டு, எது ஆறு எம்எம்மு? சொல்லுங்க பாப்போம். ஆ... இல்ல. தப்பு. துருப்புடிச்சதுதான் ஆறு எம்எம்மு. எத்தினி வருசமா போட்டோ புடிக்கிறீங்க? பரவால்ல, யாரு பாத்தாலும் அப்பிடித்தான். எல்லா கேமராவுக்கும் அடியில கால் இஞ்சு ஓட்ட. நம்ம ஆர்ட்வேர் கடைங்கள்ல கேட்டா ஆறு எம்எம்ம எடுத்து குடுத்துட்டு ரெண்டும் ஒண்ணுதாம்மான்னுவாங்க. ஒண்ணு இல்ல. மரை வேற. ஆனா ஆறு எம்எம்மு கேமராவுக்குள்ள போவும். அதான் பேஜாரு. ரெண்டு மூணு சுத்து நல்லா போவும், அப்பால இறுகிடும். நமக்கு இன்னா தோணும்? இறுகிட்ச்சு, மாட்டிகிச்சுன்னு தோணும். உள்ள ஒண்ணுமே புடிச்சிருக்காது. ரெண்டு மரை பல்லுல தொங்கினு இருக்கும்.

அந்த துருப்புடிச்சத நீங்களே வச்சிகினு இருங்க, அப்புறம் வாங்கிக்கிறேன்.

அண்ணன் ஸ்டுடியோல நாலு வருசம் லைட்டு புடிச்சான். அவங்க ஆர்டர் இல்லாத நாள்ல தனியா எடுக்கணும்னுதான் இந்த கேமராவ வாங்குனான். வாங்குன ராத்திரி தலையாணி பக்கத்துல வச்சிகினு தூங்குனான், எங்கம்மி இது இன்னாடா உன் பொண்டாட்டியான்னு கேட்டுச்சு. ஸ்டாண்டு வாங்க முடியல, நான் செஞ்சு குடுத்தேன். போற எடத்துல எல்லாம் எவன் கேட்டாலும், என் தங்கச்சி ருக்சார் செஞ்சதுன்னு சொல்லுவான். எனுக்கு வெக்கமா இருக்கும். டேய், பைப்புடா அது, உடுடான்னுவேன். கேக்க மாட்டான்.

போன வருசம் வைகாசில தி.நகர்ல ஒரு கல்யாணம். பொண்ணு வூட்ல ஜானகி மேடம்னு ஒருத்தங்க, தாலி கட்டறத நேரா மேலேர்ந்து எடுக்கணும்னாங்க. டிரோன் பறக்க வுட மண்டபத்துல ஒத்துக்கல. அண்ணன் எங்கிட்ட வந்தான். மாடி கம்பியில க்ளாம்ப் போட்டு, வெளியில நீட்டுற மாரி ஒரு கை செய்யி, அதுல கேமரா கீழ பாத்துனு தொங்கணும்னான். ரெண்டு நாளு டைம். செஞ்சேன். இது வரைக்கும் நான் செஞ்சதுலயே அதான் சூப்பரு. அலுமினியம் சட்டம், பின்னாடி எடைக்கு மணல் பாட்டிலு, எல்லாம் கணக்கா. எண்பது கிலோ போட்டா கூட அந்த சட்டம் வளைஞ்சிருக்காது.

கேமரா வுழுந்துட்ச்சு சார்.

இல்ல, ஒடையல. அதான் பாத்தீங்களே, கீறலே இல்ல. வுழும்போது அண்ணன் கம்பிக்கு மேல பாஞ்சு புடிச்சான். புடிச்சிட்டான். ஆனா அவன் நிக்க முடியல. பதினாறு அடி. மல்லாக்க வுழுந்திருக்கான், கேமராவ நெஞ்சுல கட்டிப் புடிச்சிகினு. அதுக்கு ஒண்ணும் ஆவல. அவனுக்கு இடுப்புக்குக் கீழ ஒண்ணும் இல்ல.

நானா? நான் அப்ப கீழ பந்தியில கீறேன். ரெண்டாவது ஜாங்கிரி. சத்தம் கேட்டுச்சு, நாற்காலி அடுக்கு சரிஞ்சிட்ச்சுன்னு நெனச்சேன்.

குணம் ஆவாது சார். ஆவும்னு சொல்றவங்க கிட்ட எல்லாம் போயாச்சு. பெரியாஸ்பத்திரில ஒரு டாக்டரம்மா மூஞ்சிக்கு நேரா சொல்ட்டாங்க, ஆசையே வெக்காதீங்கன்னு. அவங்கதான் எனுக்கு புடிச்ச டாக்டரு. கை கால நீட்டி மடக்கி வுட வர்ற ஆளும் நின்னுட்டாரு. ரம்ஜானுக்குள்ள எழுந்திருவேன்னு அண்ணன் சொல்லிகினே இருந்தான், ரம்ஜானும் போயிட்ச்சு. முதுகுல புண்ணு. காத்தடிக்கிற படுக்க ஒண்ணு வோணும், அதுக்குத்தான் இத்த விக்கிறது. நாங்க கேக்கல. போன வாரம் அவனே சொன்னான், ருக்சார், கேமராவ குடுத்துடுன்னு. செவுத்த பாத்துனு சொன்னான்.

உள்ள வந்தீங்கன்னா கட்டில் மேல ஒரு ஸ்டாண்டு பாப்பீங்க, கொக்கு கழுத்து மாரி வளைஞ்சு மூஞ்சிக்கு நேரா செல்போன புடிச்சினு இருக்கும். அதுவும் நான் செஞ்சதுதான். அவன்தான் கேட்டான். எங்கிட்டயே கேக்கறான் பாருங்க. ஏன்னா அவனப் பொறுத்த வரைக்கும் என் ஸ்டாண்டுல ஒரு தப்பும் இல்ல. அவன்தான் சரியா திருகல. வர்றவங்க போறவங்க எல்லார் கிட்டயும் அதான் சொல்லுவான், உங்க கிட்டயும் சொல்லுவான் பாருங்க. ரெண்டு சுத்து சுத்துனேன், இறுகிட்ச்சுன்னு வுட்டுட்டேன், இன்னும் ரெண்டு சுத்து சுத்தியிருந்தா இன்னிக்கு நடந்துகினு இருப்பேன், பாவம் என் தங்கச்சி, அவ்ளோ கஷ்டப்பட்டு செஞ்சான்னு.

அடியில மரை பிஞ்சிருக்குன்னு தெரிஞ்சா ஒரு நிமிசம் போதும் அவனுக்கு. புரிஞ்சிடும். தொழில் தெரிஞ்சவன். அன்னியிலேர்ந்து இத்த அவன் கையில குடுக்கவே இல்ல நான். தூசி வுழும், வேணாம்னு துணி சுத்தி அலமாரில வச்சிருந்தேன்.

ஏன் சொல்லலன்னு கேக்குறீங்களா? திட்டுவான்னு பயமெல்லாம் இல்ல. திட்டுனா வாங்கிக்குவேன். திட்ட மாட்டான். பரவால்ல உடு புள்ளன்னுவான். அப்பால நான் எங்க போறது?

உங்க கிட்ட எதுக்கு சொன்னேன்னா... தெரில. நீங்க ஓட்டைய பாத்துட்டீங்க. வேற யாரும் இன்னும் பாக்கல.

தோ, கூப்புடறான். வர்றோம்ணா! கேமரா பாக்க சார் வந்துட்டாரு! வாங்க. செருப்ப அங்கயே உடுங்க, தல குனிஞ்சு வாங்க, நெலை இடிக்கும். எல்லாம் சரியா கீதான்னு கேப்பான். சரியா கீதுன்னு சொல்லுங்க. வெலைய எவ்ளோ வேணா கொறைச்சிக்கோங்க, ஒரு வார்த்த பேச மாட்டேன். கால் இஞ்சு வாங்க பாரீஸ் கார்னர் வரைக்கும் போவணும் சார். அந்த கை செஞ்ச அன்னிக்கு நல்ல வெயிலு. பஸ்ஸுக்கு பத்து நிமிசம் நின்னேன், வரல, திரும்பி வந்துட்டேன். டப்பாவுல ஒண்ணு கெடந்துச்சு, அதையே வச்சு ஒட்டிட்டேன். அவன் வுழுந்ததும் எல்லாரும் அவன தூக்கினு வாசலுக்கு ஓடுறாங்க, நான் மாடிக்கு ஓடுனேன். சட்டத்துலேர்ந்து அந்த போல்ட்ட பேத்து பாக்கெட்டுல போட்டுகினு அப்பால கீழ வந்தேன். அதுக்குள்ள ஆம்புலன்ஸு போயிட்ச்சு.

குடுங்க சார் அந்த போல்ட்ட. கையில வச்சிகினே உள்ள போறீங்க பாருங்க.